தொண்ணூற்றாறு வடிகுழாய்கள்

மாரிச்செல்வம் கத்தியைச் செருகிக் கீழே இழுத்ததும் சுவருக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டியது.

நான்காவது மாடி உயரத்தில், இரண்டு கயிறுகளில் தொங்கியபடி, மேற்குச் சுவரின் பழைய சீலண்டை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தான். பவிழம் அபார்ட்மெண்டின் சுவர்கள் செங்கல் அடுக்கிக் கட்டியவை அல்ல. எங்கோ ஒரு தொழிற்சாலையில் வார்த்து, லாரியில் ஏற்றி வந்து, கிரேனில் தூக்கி, இரும்புத் தகடுகளில் பற்றவைத்து நிறுத்திய கான்கிரீட் பலகைகள். ஒவ்வொன்றும் நாலு டன் இருக்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். அதில் நுரைக் கயிற்றைத் திணித்து, அதன்மேல் ரப்பர் போல இறுகும் சீலண்டை நிரப்பி நீவிவிட்டு, சுவர் முழுக்க ஒரு கோட்டிங்கும் அடித்தால் மழை உள்ளே வராது. கொச்சியில், உப்புக் காற்று அடிக்கும் மட்டாஞ்சேரியில் அது ஐந்து வருஷம் தாங்கினாலே பெரிது. பிறகு பழையதை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பதினாறு வருஷமாக மாரிச்செல்வத்துக்கு இதுதான் சோறு போடுகிறது.

அறுத்தால் காய்ந்த நுரைக் கயிறுதான் வர வேண்டும். வந்ததோ செம்பழுப்பாகத் தண்ணீர். முதலில் பீய்ச்சி அடித்தது. பிறகு நிதானமாக அவன் கையுறைக்குள் இறங்கி, முழங்கை வழியாக அக்குள் வரைக்கும் போனது. துருப்பிடித்த வாளியில் நாள்பட்டுக் கிடந்த தண்ணீரின் வாடை. அக்டோபர் மாதத்துக் காலை வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

கத்தியைத் திருப்பிப் பிடித்து இரண்டு பலகைகளின் விளிம்பையும் தடவிப் பார்த்தான். ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டியவை. வலப்பக்கத்துப் பலகை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அளவுகோலை வைத்தான். ஏழு மில்லிமீட்டர். தலையில் மாட்டியிருந்த விளக்கைப் போட்டு இடுக்குக்குள் எட்டிப் பார்த்தான். பலகையைத் தாங்க வேண்டிய இரும்புத் தகடு இருந்த இடத்தில், காய்ந்த மரப்பட்டை போல இதழ் இதழாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டான். உதிர்ந்து விழுந்தது.

“என்ன மாரி, சத்தத்தையே காணோம்?” மொட்டை மாடியில் கயிற்றுக்குக் காவல் இருந்த நல்லசிவம் கத்தினான்.

“ஒண்ணுமில்ல, கத்தி சிக்கிருச்சு.”

அன்றைக்கு அவன் சொன்ன முதல் பொய் அது. சின்னப் பொய்தான். பெரியதெல்லாம் பின்னால் வந்தது.

கீழே பார்த்தான். நேர் கீழே, சந்தில், பேச்சியம்மாளின் தள்ளுவண்டி. அவள் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் புருஷன் பாண்டியராஜன் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். யூதர் தெருவான ஜூ டவுன் குடோன்களில் மிளகு மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஆள். மூட்டை ஒன்று சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து அந்த நாற்காலிதான் அவனுக்கு உலகம். எழுந்து நிற்க வேண்டுமென்றால் பேச்சியம்மாள் வந்து கை கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் மாரிச்செல்வத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். ஊரில் முகம் பார்த்ததில்லை. இங்கே வந்து ஆறு வருஷமாக அவனுக்குக் காலைச் சாப்பாடு அந்த வண்டியில்தான்.

சுவருக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்று மாரி யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவனுக்குத் தெரியும். அவனுக்கும் இன்னொருவருக்கும் மட்டுமே தெரியும்.

மழைத் தண்ணீர் லேசுப்பட்டதல்ல. எவ்வளவு நேர்த்தியாக அடைத்தாலும் எங்காவது ஒரு மயிரிழையில் நுழைந்துவிடும். அதனால், நுழைந்ததை வெளியே விடுவதற்கென்று ஒவ்வொரு மாடியிலும் ஜாயிண்டின் அடியில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு வைப்பார்கள். உள்ளே போன தண்ணீர் அதன் வழியாகச் சொட்டிவிடும். பவிழத்தில் சுவருக்கு இருபத்து நான்கு, நாலு சுவருக்குமாகத் தொண்ணூற்றாறு குழாய்கள். வேலை எடுத்த கம்பெனியின் சைட் என்ஜினியர் அனில் முதல் நாளே சொல்லியிருந்தான். “மாரீ, நீ எந்தா வேணும்னாலும் செய்துக்கோ. இந்தக் குழாயை மட்டும் அடைக்கருது. கேட்டோ?”

அடைக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டான்தான். ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன்பு, வேலை முடிந்து சுவர் பளபளவென்று நின்றபோது, அந்தக் குழாய்கள் ஒவ்வொன்றும் தனக்குக் கீழே ஒரு பழுப்புக் கோடு போட ஆரம்பித்தன. அசோசியேஷன் செயலாளர் சிவசங்கரனுக்கு அது பொறுக்கவில்லை. ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். நாலு தலைமுறையாக மட்டாஞ்சேரியிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டு அழுக்கு பட்டால் அன்றைய நாளே பாழாகிவிட்டது என்று நினைக்கிற மனிதர்.

“மாரீ, இத்தனை அழகா பண்ணிட்டு, கல்யாணப் பந்தல்ல மூக்கு ஒழுகிண்டு நிக்கற மாதிரி விட்டிருக்கியே,” என்றார். “கார் மேலெல்லாம் சொட்டறது. ஆளாளுக்கு என்கிட்ட வந்து கத்தறா. நீ மனசு வெச்சா ஒரு மணிக்கூர் பணியாக்கும்.”

“அத அடைக்கக்கூடாதும்பாக சார்.”

“யாரு சொல்றா, அனிலா? அவன் படிச்சதைச் சொல்லறான். உன் கை பேசறது எனக்குத் தெரியாதா?”

இந்த ஒரு வார்த்தையில் மாரி விழுந்தான். ரூபாய் கொடுத்திருந்தால்கூட யோசித்திருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனிலுக்குத் தெரியாமல், தனியாகக் கயிற்றில் இறங்கி, தொண்ணூற்றாறு குழாய்களின் வாயிலும் சீலண்டை அழுத்தி, மேலே கோட்டிங் தடவி, அங்கே குழாய் இருந்ததற்கான அடையாளமே இல்லாமல் செய்துவிட்டான். சிவசங்கரன் வீட்டில் பாலடைப் பாயசம் கொடுத்தார்கள். அவர் போகிற இடமெல்லாம் அவன் புகழ் பாடினார். மாரி கை வைத்தால் ஒரு சொட்டு ஒழுகாது, ஒரு கறை விழாது. அந்தப் புகழில் இடக்கொச்சியில் ஒன்று, ஆலுவாவில் ஒன்று, தோப்பும்படியில் ஒன்று என்று மூன்று கட்டடங்கள் வந்தன. மூன்றிலும், யாரும் கேட்பதற்கு முன்பே, அவனே குழாய்களை அடைத்துக் கொடுத்தான். நல்ல பேர் எடுத்தவன் அதைக் காப்பாற்றச் செய்கிற காரியம் இருக்கிறதே, கெட்ட பேர் எடுத்தவன்கூட அதைச் செய்ய மாட்டான்.

இப்போது அந்தத் தண்ணீர் அவன் அக்குளில் ஈரமாக இருந்தது.

கீழே இறங்கி அனிலுக்கு போன் செய்வதுதான் நியாயம். செய்தான். ஆனால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் செய்தான். அந்த இரண்டு மணி நேரமும் கயிற்றில் ஏறி இறங்கி, மேற்குச் சுவரின் இருபத்து நான்கு குழாய்களையும் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தான். ஒவ்வொன்றிலிருந்தும் துருத் தண்ணீர் ஒழுகியது. ஒழுகி முடிந்ததும் துணியால் ஓரத்தைத் துடைத்து, வெட்டிய சீலண்டு துண்டுகளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டான். இப்போது பார்க்கிறவனுக்கு அவை எப்போதும் திறந்தே இருந்த குழாய்கள்தான். அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

அனில் பத்தரை மணிக்கு பைக்கில் வந்தான். அவனே ஹார்னஸ் மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தான். மேலே ஏறி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“இந்தப் பலகை எப்ப வேணும்னாலும் விழலாம் மாரீ. கீழே சந்தை இப்பவே அடைக்கணும். ஒரு ஆளும் நடக்கக்கூடாது.” தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தான். பிறகு கேட்டான். “குழாயெல்லாம் திறந்துதானே இருந்தது? தண்ணி வந்துட்டிருந்ததல்லே?”

அனில் கெட்டவன் அல்ல. இவனைவிட எட்டு வயது சின்னவன், ஆனாலும் மேலாள் என்பதால் மாரிக்கு அவன் ‘சேட்டா’, அண்ணன்; அவனும் இவனை மரியாதையாக நடத்துகிறவன். அந்தக் கேள்வியில் சந்தேகமே இல்லை. டாக்டர் நோயாளியிடம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாயா என்று கேட்பாரே, அந்த மாதிரிதான் கேட்டான். இல்லை சேட்டா, நான் அடைத்துவிட்டேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். மாரிக்கு வாய் வரைக்கும் வந்தது. மூன்று கட்டடங்களும், போலீசும், இனிமேல் கொச்சியில் எவனும் கயிற்றில் ஏற்ற மாட்டான் என்பதும் அதோடு சேர்ந்து வந்தன.

“வந்துட்டுதான் சேட்டா இருந்துச்சு. நீங்களே பாருங்க, இப்பவும் ஈரமா இருக்கு.”

“அப்போ இது கடல் காத்தாக்கும். தகடுக்கு ஆதியிலேயே பெயிண்டு சரியா அடிச்சிருக்க மாட்டாங்க.” அனில் தாடையைச் சொறிந்தான். “மற்ற மூணு பக்கம்?”

“பாத்துட்டேன். காலவர்ஷம் மொகத்துல அடிக்கிறது இந்தப் பக்கம்தான. மத்ததெல்லாம் காஞ்சு கெடக்கு.”

பார்க்கவில்லை. இடைவேளையில் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்ததுதான் பார்வை. ஆனால் அவன் சொன்னதை அவனே நம்பினான். மழை தென்மேற்கிலிருந்து வருகிறது, கிழக்குச் சுவரில் கோட்டிங் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் நிற்கிறது, அப்புறம் என்ன? வியாழக்கிழமை அது. அடுத்த வியாழன் கயிற்றைக் கிழக்குப் பக்கம் மாற்றப் போகிறார்கள். அப்போது ஓசைப்படாமல் அங்கேயும் குழாய்களைத் திறந்துவிடலாம். பிறகு இடக்கொச்சி, தோப்பும்படி, ஆலுவா. ஏதாவது சாக்குச் சொல்லி ஒவ்வொன்றாகப் போய்த் திறந்துவிடலாம். யாருக்கும் தெரியாமல் செய்ததை யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

அனில் மேற்குச் சந்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டினான். பலகைக்கு முட்டுக் கொடுக்க இரும்புக் குழாய்களுக்குச் சொல்லிவிட்டான். கட்டட வலிமை பார்க்கும் என்ஜினியர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னாராம். எல்லாச் சுவரிலும் ஜாயிண்டைத் திறந்து பார்க்கவா என்று அவர் போனில் கேட்டதாகவும், வேண்டாம், மற்றப் பக்கம் எங்கள் ஆள் பார்த்துவிட்டான் என்று தான் சொன்னதாகவும் அனில் சொன்னான்.

சாயங்காலம் படிக்கட்டில் சிவசங்கரன் மாரியை நிறுத்தினார். ஆளே சுருங்கிப்போயிருந்தார்.

“அனில்கிட்ட என்ன சொன்னே?”

“ஒண்ணும் சொல்லல சார்.”

“நான் சொல்லித்தான் நீ செஞ்சேன்னு எழுத்துல ஒண்ணும் இல்லையே?”

“இல்ல சார்.”

அவர் பெருமூச்சு விட்டார். “நான் உனக்காகத்தான் கேக்கறேன், கேட்டியா? உனக்கு ஒரு தோஷமும் வரக்கூடாது. சொன்னா மாத்திரம் அந்தத் தகடு பழையபடி ஆயிடப் போறதா?” வேட்டியின் நுனியைக் கையில் பிடித்தபடி மேலே ஏறினார். பாதியில் நின்று, “பலகை விழாதோல்லியோ?” என்று கேட்டார்.

“முட்டுக் குடுக்காங்க சார். விழாது.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டு பிரிந்தார்கள். அசிங்கமாக இருந்தது என்று மாரிக்கே தோன்றியது. தோன்றி என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை காலை பேச்சியம்மாள் வண்டியோடு சந்து முனையில் நின்றுகொண்டிருந்தாள். அனில் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள் வழக்கமான இடம்.

“என்னண்ணே இது, எங்க எடத்துல கயிறக் கட்டிப்போட்டிருக்கிய? அடுப்பு மூட்டி அரைமணி நேரம் ஆச்சு, மாவு புளிச்சிட்டு வருது.”

“வேல நடக்குல்ல தங்கச்சி. மேல இருந்து கல்லு கில்லு விழும். கொஞ்ச நாளைக்கு வேற எடம் பாரு.”

“கொஞ்ச நாளுன்னா?”

“பத்துப் பதினஞ்சு நாளு.”

நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு திட்டில் உட்கார்ந்திருந்த பாண்டியராஜன் சொன்னான். “அப்ப போட் ஜெட்டிக்கு, படகு வந்து நிக்கிற பக்கம் போயிருவோம் மச்சான். ஆள் நடமாட்டம் இருக்கும்.”

“ஜெட்டியில ஏற்கெனவே மூணு கடை இருக்கு மாப்ள. உங்கள நிக்க விடுவானுகளா? கெழக்கு கேட்டுக்குப் போங்க. ஆட்டோ ஸ்டாண்டு எதிர்ல இருக்கு, காலையில முப்பது ஆட்டோக்காரன் நிப்பான். சொவரு ஓரமா நெழலு. வாட்ச்மேன்ட்ட நான் சொல்லுதேன்.”

உதவி செய்ய வேண்டும் என்று அவனுக்கு மனசு அடித்துக்கொண்டது. தன்னால் இவர்கள் பிழைப்பு கெடக்கூடாது. தன்னால் முடிந்ததில் நல்ல இடம் எதுவோ அதைக் காட்டினான். அதில் கள்ளமில்லை.

“அங்க ஏ.சி. தண்ணி சொட்டுமேண்ணே,” என்றாள் பேச்சியம்மாள். “கெழக்குப் பக்கம் பூரா ஏ.சி. தொங்குது. தோசையில சொட்டுனா எவன் திம்பான்?”

“சொட்டாது. பைப்ப எல்லாம் நான் ஜாயிண்டுக்கு உள்ள விட்டு மூடியிருக்கேன். ஒரு சொட்டு வெளிய வராது.”

பெருமையாகத்தான் சொன்னான். வெளியே வராத தண்ணீர் எங்கே போகிறது என்று பேச்சியம்மாள் கேட்கவில்லை. அவள் கேட்க வேண்டிய கேள்வியும் அல்ல. சொல்லி முடித்ததும் மாரிக்கு ஏதோ ஒன்று நெருடத்தான் செய்தது. அதை நின்று பார்க்கவில்லை. நல்லசிவம் மேலேயிருந்து கூப்பிட்டான், போய்விட்டான். திரும்பிப் பார்த்தபோது பேச்சியம்மாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். பாண்டியராஜன் ஒரு கையால் வண்டியையும் ஒரு கையால் நாற்காலியையும் பிடித்தபடி, அடிக்கொரு தடவை நின்று நின்று பின்னால் போனான்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானத்துக்கு மேல் துலாவர்ஷம் இடியோடு வந்து கொட்டியது. அது கிழக்கிலிருந்து வருகிற மழை. மாரி தன் அறையில் படுத்துக்கொண்டு மேற்குச் சுவரின் முட்டுக் குழாய்களை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு மேற்குச் சுவரில் கயிற்றில் இறங்கினான். சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறினான். பேச்சியம்மாள் சந்தோஷமாக இருந்தாள். மூன்று நாளில் மாவு மிச்சமே இல்லையாம். பாண்டியராஜன் அவனுக்குச் சாயா ஆற்றிக் கொடுத்து, “நல்ல எடம்தான் மச்சான். சொவத்துல சாஞ்சா முதுகுக்கும் சொகமா இருக்கு,” என்றான்.

எட்டு மணி இருக்கும். சத்தம் வந்தது. இடி என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் சுவர் அவன் முழங்கால் வழியாக அதிர்ந்தது. அவன் முன்னால் இருந்த பலகையைப் பார்த்தான். முட்டுக் குழாய்களோடு அது அப்படியே நின்றது. ஒரு கணம் மனசு லேசானது. அதற்கப்புறம் கட்டடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து பெண்களின் அலறல் கேட்டது.

எப்படி இறங்கினான் என்று தெரியாது. கயிறு உள்ளங்கையைச் சுட்டிருந்தது. கட்டடத்தைச் சுற்றி ஓடினான். மூன்றாவது மாடியில் ஒரு வீட்டின் படுக்கையறை தெருவுக்குத் திறந்து கிடந்தது. கட்டிலும் அலமாரியும் நாள்காட்டியும் வெயிலில் தெரிந்தன. கீழே ஆட்டோ ஒன்று பாதி நசுங்கியிருந்தது. அதன் ஓட்டுநர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினான். சுவர் ஓரத்தில், நாலு டன் கான்கிரீட், மூன்று துண்டாக உடைந்து படுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் தோசைக்கல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

பேச்சியம்மாள் குழாயடியில் தண்ணீர் பிடிக்கத் தெருவைத் தாண்டிப் போயிருந்தாளாம். சத்தம் கேட்டுத் திரும்பியவள், மேலே பலகை சாய்வதைப் பார்த்திருக்கிறாள். எல்லோரும் ஓடினார்கள். பாண்டியராஜனும் இரண்டு கைகளையும் நாற்காலிப் பிடியில் ஊன்றி எழப் பார்த்திருக்கிறான், முடியவில்லை. அவள் அவனைப் பார்த்து ஓடி வந்திருக்கிறாள். தெறித்த துண்டு ஒன்று கையில் அடித்து அவளைத் தெருவிலேயே வீழ்த்திவிட்டது.

கிரேன் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை பேச்சியம்மாள் கான்கிரீட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருந்தாள். யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம், ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். இடது கையில் கட்டுப் போட்டிருந்தது. ஊரிலிருந்து அவள் அண்ணன் கிளம்பிவிட்டான், வந்து சேர ராத்திரி ஆகும். நல்லசிவம் சாயா வாங்கி வந்து கொடுத்தான். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். மாரி அவளுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றான். பக்கத்தில் போகவும் முடியவில்லை, விட்டுப் போகவும் முடியவில்லை.

அனில் வந்தான். சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசி. அந்த மூன்றாம் மாடி ஓட்டைக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ரப்பர் அடைத்த குழாய்த் துண்டு ஒன்று இருந்தது.

“மாரீ.” குரல் தாழ்ந்திருந்தது. “ஏ.சி. தண்ணி முழுக்க உள்ளே நின்னிருக்கு. மழைக்காலம் மட்டுமல்ல, வருஷம் முழுக்க. மேற்கைவிட கிழக்குத் தகடுதான் கூடுதல் போயிருக்கு. இந்தக் குழாயை யாரு அடைச்சது?”

அவன் வியாழக்கிழமை கேட்ட கேள்விதான். அன்றைக்குச் சொல்ல ஒரு மூச்சு போதும் என்று இருந்தது. இன்றைக்கும் அவ்வளவுதான் ஆனது.

“நான்தான் சேட்டா. நாலு பக்கமும். தொண்ணூத்தாறும் நான்தான் அடைச்சேன். சிவசங்கரன் சார் கேட்டாரு, நான் அடைச்சேன். ஏ.சி. பைப்ப உள்ள விட்டதும் நான்தான். மேக்கால இருக்கிறத அன்னைக்கு நீங்க வாரதுக்கு முன்ன தொறந்து வச்சேன்.”

அனில் அவனையே பார்த்தான். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் மாரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் அடிக்கவில்லை.

“இன்னும் இருக்கு சேட்டா. இடக்கொச்சியில அந்த அஞ்சு மாடி. தோப்பும்படி. ஆலுவாவில ஆத்தங்கரை ஃபிளாட். மூணுலயும் அடைச்சிருக்கேன். கீழ ஆளுகள நிக்க விடாதீங்க. இப்பவே சொல்லுங்க.”

அனில் போனை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினான். ஓடிக்கொண்டே போனில் யாரிடமோ மலையாளத்தில் கத்தினான். நல்லசிவம் மாரியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு அவன் பின்னாலேயே போனான்.

மாரி நிமிர்ந்தான். பேச்சியம்மாள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலடி தூரம்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“வெள்ளிக்கிழம வந்து எடத்த மாத்துன்னு சொன்னியளே,” என்றாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. “அப்பவே இது தெரியுமாண்ணே ஒங்களுக்கு?”

“மேக்குச் சொவரு மட்டும்தான் அப்பிடின்னு நெனச்சேன் தங்கச்சி.”

“அத்தன கொழாயையும் அடச்சது தெரியும்லா?”

“தெரியும்.”

அவள் தலையாட்டினாள். கையிலிருந்த சாயாவைப் பெஞ்சில் வைத்தாள். அது ஆறி ஆடை கட்டியிருந்தது. திட்டப்போகிறாள், மண்ணை வாரி இறைக்கப்போகிறாள் என்று மாரி காத்திருந்தான். அதற்குத் தயாராகவும் இருந்தான்.

“அவரு ஜெட்டிக்குத்தான் போவணும்னாரு,” என்றாள் பேச்சியம்மாள். “ரெண்டு மட்டம் சொன்னாரு. நான்தான் கேக்கல. மாரியண்ணன் சொவத்துலயே பொழைக்கிற மனுசன், அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லி, நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, அந்தச் சொவத்துல சாஞ்சு ஒக்கார வச்சேன்.”